பதினாறு முறை நின்ற சர்வர்

எங்கள் உப்பு ஆலையில் ஏழு கம்ப்யூட்டர்களும் ஒரு சர்வரும் இருக்கின்றன. எட்டையும் பார்த்துக்கொள்பவள் என் தங்கை சத்யப்ரியா. வீட்டில் சத்யா. அதே ஆலையில் நான் கூட்டித் துடைக்கிறேன். என் பெயர் விஜயலட்சுமி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆகவே கம்ப்யூட்டரைப் பற்றி இதில் சொல்வதையெல்லாம் அவளிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். தேதியும் நேரமும் என்னுடையவை. அவற்றில் பிழை இருக்காது.

ஆலை மரக்காணத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. உப்பளப் பாத்தியிலிருந்து வரும் கல் உப்பை அரைத்து, அயோடின் கலந்து, ஒரு கிலோ பைகளில் அடைக்கிறார்கள். ஒவ்வொரு பையிலும் எண் அச்சிட்ட லேபிள் ஒட்ட வேண்டும். எந்தக் கலவையில் எவ்வளவு அயோடின் இருந்தது என்று பின்னால் யாராவது கேட்டால், அந்த எண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். எண்ணைக் கொடுப்பது சர்வர். அது கொடுக்காவிட்டால் லேபிள் இல்லை. லேபிள் இல்லாவிட்டால் லாரி கிளம்பாது.

சத்யா என்னைவிட ஒன்பது வயது சின்னவள். பதினொன்றாவது படிக்கும்போது அரசாங்கம் அவளுக்கு லேப்டாப் கொடுத்தது. அதைத் திறந்தால், எதற்குள் போகிறாய் என்று கேட்டு இரண்டு பெயர் காட்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் விண்டோஸை அழுத்திப் படம் பார்த்தார்கள். சத்யா மற்றதை அழுத்தினாள். அது லினக்ஸ். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, எழுதியதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருப்பது. அதை ஏன் பிடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். அதில் ஒரு பாட்டுக் கேட்பதற்கே நாலு நாள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, அதனால்தான் என்றாள்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தாள். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் லினக்ஸ்காரர்கள் கூடுகிறார்கள் என்று தெரிந்து அங்கே போக ஆரம்பித்தாள். எங்கள் அப்பா வெங்கடாசலத்துக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். அவள் மெயின் ரோடு வரைக்கும் நாலு கிலோமீட்டர் நடந்து போய் பஸ் ஏறினாள். ஏழாவது வாரம் அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகும் அவள் சைக்கிளைத் தொடவில்லை, நடந்தே போனாள்.

குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் இரண்டு வருடம் வேலை. அதன் பிறகு இந்த ஆலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்தாள். முதலாளி செல்லப்பன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, உப்பளத்துப் பெண்ணா என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

“ஆமா சார். பாத்தியில வேல செஞ்சிருக்கேன். உங்க மெஷினெல்லாம் ஏன் வருஷத்துக்கு ஒருவாட்டி துருப்புடிச்சிப் போவுதுன்னு எனக்குத் தெரியும்” என்றாளாம்.

அவள் வந்த ஆண்டே எல்லா மெஷினிலும் லினக்ஸ் ஏறியது. பிறகு ஒரு பட்டியல் எழுதினாள். ஒவ்வொரு மெஷினும் எப்படி இருக்க வேண்டும், எந்த பிரிண்டரைப் பிடிக்க வேண்டும், யார் எதைத் திறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது சர்வரில் இருக்கிறது. காலையில் மெஷின் எழுந்ததும் சர்வரிடம் பட்டியலைக் கேட்கும். முந்தின நாள் யாராவது எதையாவது மாற்றியிருந்தால், பட்டியலில் உள்ளபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். இதைச் செய்கிற கருவிக்கு ஆன்சிபிள் என்று பெயர். அதுவும் திறந்து வைத்ததுதான்.

பட்டியலில் எந்த வரி சேர்த்தாலும் பக்கத்தில் தேதி, பெயர், காரணம் மூன்றையும் தமிழில் எழுதுவாள். மூன்றாவது மெஷினில் மவுஸின் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும். காரணம்: மாரியம்மாள் அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். உப்பைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்யும் கௌதம் தினமும் தன் திரையில் ஒரு நடிகரின் படத்தை வைப்பான். மறுநாள் காலையில் அது பழையபடி சாம்பல் நிறமாகியிருக்கும். ஏழு வாரம் அவனும் விடவில்லை, பட்டியலும் விடவில்லை. கடைசியில் அவளிடமே வந்து அந்தப் படத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னான். சேர்த்தாள். காரணம் என்ற இடத்தில், கௌதமின் பிடிவாதம் என்று எழுதினாள்.

பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணுது என்று கேட்டால் எங்கள் அம்மா தனகோடி, அதுக்குக் காவலு என்பாள். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

2024 நவம்பர் கடைசியில் வந்த புயலில் ஆலையின் பழைய ஆபீசுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சத்யாவும் கௌதமும் சர்வரைத் தார்ப்பாயில் சுற்றித் தலைக்கு மேல் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு அரவை ஷெட்டை ஒட்டி ஒரு அறை கட்டி, அரவை மெஷினுக்குப் போகும் மெயின் சுவிட்சிலிருந்தே அந்த அறைக்கும் கரண்ட் இழுத்தார்கள். டிசம்பர் 16ஆம் தேதி சர்வர் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நூற்றெழுபத்தைந்து நாள் அது ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஊரில் கரண்ட் போனால் பேட்டரி இருபத்தைந்து நிமிடம் தாங்கும்; அதற்குள் வாட்ச்மேன் அப்பாவு ஜெனரேட்டரைப் போட்டுவிடுவார். நூற்றெழுபத்தைந்து என்ற எண்ணைச் சத்யா எனக்குத் திரையில் காட்டினாள். அன்று ஜூன் 9, 2025, திங்கட்கிழமை. நான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த நாள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் பாத்தியில் உப்பு வாரினேன். பாதத்தில் புண் வந்து ஆறாமல் போனதால், சத்யா சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். மாலை ஐந்துக்கு அரவை நிற்கும். ஐந்தேகால் பஸ்ஸுக்குச் சத்யா கிளம்புவாள். அதன் பிறகு நான் ஷெட்டைக் கூட்டி, ஆபீசைத் துடைத்து, ஜன்னல்களைச் சாத்தி, மெயினை இறக்கி, கேட்டில் கையெழுத்துப் போடும்போது ஐந்து நாற்பது ஆகும். சனிக்கிழமை அரை நாள். இரண்டு பத்துக்குக் கிளம்புவேன்.

ஜூன் 10ஆம் தேதி காலை ஏழரைக்குப் பேக்கிங் ஷெட்டில் மெஷின்களைப் போட்டார்கள். அவை சர்வரிடம் பட்டியலைக் கேட்டன, பதில் வரவில்லை. எட்டரைக்குச் சத்யா வந்து பார்த்தால், சர்வர் முந்தின மாலையே நின்றுபோய், காலை ஆறு மணிக்குத் தானே எழுந்து, தன் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குத்தான் லேபிள் வந்தது. மூன்று லாரிகள் காத்திருந்தன. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

சர்வர் தான் செய்வதையெல்லாம் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டே வரும். அந்தக் குறிப்பில், நிறுத்தும்படி யாரும் சொன்னதாக இல்லை. எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்திருந்தது. சத்யா உள்ளே இருக்கும் பவர் சப்ளையை மாற்றினாள். பேட்டரி மேல் சந்தேகப்பட்டு, பட்டப்பகலில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். சரியாக இருபத்தைந்து நிமிடம் தாங்கியது. அப்பாவுவிடம், சாயங்காலம் கரண்ட் போகிறதா என்று கேட்டாள். கேட் விளக்கு ஒருநாளும் அணைந்ததில்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அது உண்மைதான்.

18ஆம் தேதி, நானும் பார்த்துவிடுகிறேன் என்று, என்னை முன்னால் அனுப்பிவிட்டுச் சர்வர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏழு மணி வரை அது நன்றாக ஓடியது. ஏழு இரண்டுக்கு அறையைப் பூட்டி வந்தாள். காலையில் பார்த்தால் அன்றும் நின்றிருந்தது. முதலாளி ஷெட்டில் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார்.

“நீ பக்கத்துல இருந்தா ஓடுது, எழுந்து போனா நிக்குது. கொழந்தையாம்மா அது?”

24ஆம் தேதி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அங்கே சென்னையிலிருந்து வந்த ஜான்சன் உட்கார்ந்திருந்தார். ஆலைகளுக்குச் சாஃப்ட்வேர் விற்பவர். இலவசமாகக் கிடைப்பதை வைத்து ஆலை நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று அவர் முதலாளிக்கு விளக்கியிருந்தார். திங்கட்கிழமை 30ஆம் தேதி அவருடைய ஆட்கள் வந்து எட்டு மெஷினிலும் இருப்பதை அழித்துத் துடைத்துவிட்டுத் தங்களுடையதை ஏற்றுவார்கள். சனிக்கிழமைக்குள் சத்யா ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு பாஸ்வேர்டு இருந்தால் சர்வரில் எதையும் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம். அதன் பிறகு சத்யா பேக்கிங் ஷெட்டில் லேபிள் ஒட்டப் போக வேண்டும்.

“பாஸ்வேர்டு உங்க சொத்து சார். தர மாட்டேன்னு சொல்லல” என்றாள். “ஆனா ஏன் நிக்குதுன்னு தெரியாம தொடைக்க விட மாட்டேன். காரணம் மெஷினுக்கு வெளியில இருந்தா, அவரு ஏத்தறதும் நாளைக்கு நிக்கும்.”

சனிக்கிழமை வரைதான் நேரம் என்று முதலாளி முடித்துவிட்டார்.

26ஆம் தேதி வியாழக்கிழமை மாலை. அடுப்படியில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, சர்வர் நின்ற நேரங்களை ஒரு தாளில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசித்தாள். ஆறு ஆறு. ஆறு ஐந்து. ஆறு நாலு. ஆறு ஐந்து. ஆறு ஏழு. இரண்டு முப்பத்தைந்து.

நான் கையைக் கழுவினேன். இரண்டு முப்பத்தைந்து எந்தக் கிழமை என்று கேட்டேன். சனிக்கிழமை என்றாள். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தானா என்றேன். அதுவும் இரண்டு முப்பத்தைந்துதான் என்றாள்.

ஐந்து நாற்பதோடு இருபத்தைந்து நிமிடத்தைக் கூட்டினால் ஆறு ஐந்து. இரண்டு பத்தோடு கூட்டினால் இரண்டு முப்பத்தைந்து. நான் பேசாமல் இருந்திருக்கலாம். வேலை போய்விட்டால் மறுபடி பாத்திக்குத்தான் போக வேண்டும். என் பாதம் அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் அவள் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் மீன் நறுக்க முடியவில்லை.

“சத்யா, நான் போவும்போது மெயின இறக்கிட்டுப் போறேன்” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏன் இறக்கினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. எங்கள் சித்தப்பா பாவாடை உப்புத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டகையில் செத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவளுக்கு மூன்று. முந்தின நாள் கடைசியாகப் போனவர் மெயினை இறக்காமல் போயிருந்தார். உப்பேறிய வயர் பனியில் நனைந்து கிடந்தது. காலையில் ஈரக்காலோடு போய் சித்தப்பா பைப்பைத் தொட்டார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துப் பாத்திகளில் கடைசியாகப் போகிறவர் மெயினை இறக்குவார், முதலில் வருகிறவர் தூக்குவார். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டைப் பூட்டுகிற மாதிரி, கை தானாகப் போகும். எனக்கு முன்னால் ஆலையில் கூட்டிய பெண் மேற்கே நெல் விளையும் ஊர்க்காரி. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சத்யா தாளை மடித்தாள்.

“பதினெட்டாந்தேதி நீ முன்னாடி போயிட்ட இல்ல? கடைசியா போனது நான்தான்க்கா. நானும் இறக்கிட்டுத்தான் வந்தேன்.”

“நீயா?”

“கைய அதுமேல வெச்சது ஞாபகம் இருக்குது. பத்து நாளா கரண்ட் போச்சான்னு கேட்டுகினு திரியிறேன். நானே நிறுத்திட்டு நானே தேடறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த ஜூனில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நேரம் அப்போது ஏழு பத்து. அன்றும் நான் மெயினை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். போனிலிருந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. அப்பாவுவுக்குப் போன் போட்டாள். கரண்டைப் பற்றிக் கேட்காமல், அரவை ஷெட் மெயின் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அது இறக்கித்தாம்மா இருக்கும், காலையில ஆறு மணிக்கு நான்தான தூக்கறேன், என்றார் அவர், இதையெல்லாமா கேட்பார்கள் என்கிற மாதிரி. கேட் விளக்குக்கு வேறு லைன். இப்போதே தூக்கச் சொன்னாள். நாலு நிமிடம் கழித்து, எழுந்துவிட்டேன் என்று அவள் போனில் சர்வர் பதில் சொன்னது.

மறுநாள் காலை இருவரும் முதலாளி அறைக்குப் போனோம். புதிய பிரிண்டர்களுக்கு மேஜை அளக்க வந்த ஜான்சனும் அங்கே இருந்தார். சத்யா தாளையும் நான் கையெழுத்துப் போடும் கேட் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினாள். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

மெயினை இறக்கினால் நின்றுபோகிற அளவுக்குத்தானே அந்தச் சர்வருக்கு வலு என்றார் ஜான்சன்.

“உங்களுது கரண்ட் இல்லாம ஓடுங்களா சார்?” என்று கேட்டாள் சத்யா.

ஜான்சன் அளவு டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். பதினைந்து நாள் லாரிகள் நின்றதற்கு நீதான் காரணம் என்று ஆகிவிட்டது, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, இந்தத் தடவை விட்டுவிடுகிறேன் என்றார். நான் எழுதத் தயாராகத்தான் இருந்தேன். பேனாகூட எடுத்துவிட்டேன். சத்யா என் கையிலிருந்து பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

“எங்க அக்கா செஞ்சது தப்பு இல்ல சார். உப்பு அரைக்கிற எடத்துல ஆளு இல்லாதப்ப மெயின் இறங்கித்தான் இருக்கணும். அதுல எங்க சித்தப்பாவக் குடுத்திருக்கோம். அரவைக்கும் சர்வருக்கும் ஒரே மெயினப் போட்டதுதான் தப்பு. அந்த லைன் போடச் சொன்னது எங்க அக்கா இல்ல.”

அந்த லைனைப் போடச் சொன்னது யார் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய பேச்சு கொஞ்சம் இறங்கியது, ஆனால் விட்டுவிடவில்லை. சரி, கடிதம் வேண்டாம். ஜான்சனின் சாஃப்ட்வேரும் வேண்டாம். ஆனால் இந்தச் சர்வர் இனி ஒருதரம்கூட நிற்காது, நின்றால் நானே வேலையை விட்டுப் போகிறேன் என்று சத்யா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றார்.

போட்டுவிடு என்று சொல்லத்தான் நினைத்தேன். லைனைப் பிரித்துவிட்டால் அது ஏன் நிற்கப்போகிறது? நூற்றெழுபத்தைந்து நாள் ஓடியதாயிற்றே.

“நிக்காதுன்னு எழுதித் தர மாட்டேன் சார்” என்றாள் சத்யா. “எந்த மெஷினும் ஒருநாள் நிக்கும். நின்னா ஏன் நின்னுச்சுன்னு எழுதித் தருவேன். அதுல யாரு பேரு வந்தாலும் மறைக்க மாட்டேன். எம்பேரு வந்தாலும் சரி, உங்க பேரு வந்தாலும் சரி. அது போதும்னா நான் இருக்கறேன். போதாதுன்னா இப்பவே பாஸ்வேர்ட எழுதி வெச்சிட்டுப் போறேன்.”

முதலாளி அவளைப் பார்த்தார், கேட் நோட்டைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, தனி லைன் இழுக்க என்றைக்கு வர முடியும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டார். அவர் எங்களைப் போகச் சொல்லவில்லை. பேக்கிங்கில் லேபிள் ஓடுது சார், நான் போவணும் என்று சொல்லிவிட்டுச் சத்யா வெளியே வந்தாள். நானும் வந்தேன்.

தனி லைன் வரப் பதினோரு நாள் ஆனது. அதுவரை தினமும் ஐந்தேகால் பஸ்ஸை விட்டுவிட்டு, சர்வரை முறையாக நிறுத்திய பிறகு என்னோடு நடந்து வந்தாள். திங்கட்கிழமை ஜான்சனின் ஆட்கள் வரவில்லை.

சத்யா சொன்னபடி எழுதியும் வைத்தாள். எட்டு மெஷினுக்குமான அந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் அது இருக்கிறது. சர்வர் நின்றது பதினாறு முறை. மெயினை இறக்கியது விஜயலட்சுமி பதினைந்து முறை, சத்யப்ரியா ஒரு முறை. இறக்கியது சரி. லைன் போட்டது தவறு. போடச் சொன்னவர் முதலாளி.

ஜூலை கடைசியில் முதலாளி அதைப் படித்திருக்கிறார். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பினார். மூன்றாவது முறை தானே வந்து கேட்டார். எடுக்கலாம் சார், ஆனால் யார் எடுக்கச் சொன்னார்கள், எதற்காக என்று பக்கத்தில் எழுத வேண்டியிருக்குமே என்றாள்.

அந்த வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது.